விதியா, கோட்பாடா: பாடப்படத்தில் வரும் படிக்கட்டு சரிதானா?

நாற்கரம் (கேள்வி)

கருதுகோள், அதற்கு மேல் கோட்பாடு, உச்சியில் விதி என்று மூன்று படி போட்ட படம் ஒன்று பல இடங்களில் சுற்றுகிறது. "சோதனையில் தேறிய கருதுகோள் கோட்பாடாகும், ஐயமற நிரூபணமான கோட்பாடு விதியாகும்" என்று கீழே குறிப்பு வேறு. பதினோராம் வகுப்புக்கு இரண்டு பக்கப் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன். அந்தப் படத்தைப் போடலாம் என்று பார்த்தால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

பாயில் விதி 1662இலேயே வந்துவிட்டது. அதற்கு விளக்கம் தரும் வாயுக்களின் இயக்கவியல் கோட்பாடு மாக்ஸ்வெல், போல்ட்ஸ்மன் கையில் முழு உருப்பெற்றது ஏறத்தாழ இருநூறு ஆண்டு கழித்து. படிக்கட்டு உண்மையென்றால் வரிசை தலைகீழாக அல்லவா இருக்கிறது? அடுத்தது, நியூட்டனின் ஈர்ப்பு விதி புதன் கோளின் பாதையில் பிசகுகிறது. ஆனாலும் அதற்குப் பெயர் விதி. அந்தப் பிசகைச் சரியாகச் சொல்லும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலுக்குப் பெயர் இன்னமும் கோட்பாடு.

வரையறைகள் வேண்டாம், அவை நிறையவே கையில் இருக்கின்றன. மாணவர்கள் கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கக்கூடிய எண்களோடு எடுத்துக்காட்டு கிடைத்தால் நல்லது. ஒரு கூற்றைக் கொடுத்தால் அது எந்த வகை என்று பிரிக்க நம்பகமான வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

---

பரிதிவட்டம்

அந்தப் படத்தைப் போடாதீர்கள் நண்பரே. இரண்டும் செய்யும் வேலையே வேறு. இன்ன நிலையில் இன்ன அளவுகள் இப்படித் தொடர்புபட்டிருக்கும் என்று சுருக்கிச் சொல்வது விதி. அந்தத் தொடர்பு எங்கிருந்து வருகிறது, எது வரைக்கும் நிற்கும், அந்த எல்லையைத் தாண்டினால் எவ்வளவு பிசகும் என்பதையெல்லாம் சேர்த்துச் சொல்லும் அமைப்பு கோட்பாடு. எத்தனை சான்று குவிந்தாலும் ஒன்று மற்றொன்றாக மாறுவதில்லை.

வாயுக்களையே எடுத்துக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறாதபோது அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் கிடைப்பது மாறிலி என்கிறது பாயில் விதி. ஏன் என்று அது சொல்வதில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. மூலக்கூறு என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்ற தகராறு முடியாமலேயே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த விதியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். இயக்கவியல் கோட்பாடு வந்து, வாயு என்பது ஓடித் திரியும் மூலக்கூறுகளின் கூட்டம், அவை சுவரில் மோதுவதுதான் அழுத்தம் என்றது. இடத்தை இரட்டித்தால் சுவரின் ஒரு பகுதியில் ஒரு நொடிக்கு விழும் மோதல் பாதியாகும், அழுத்தமும் பாதியாகும். பாயில் விதி தானாக வந்து விழுகிறது.

இங்கே நிறுத்தினால் 'ஏற்கெனவே தெரிந்ததற்குக் கதை சொன்னார்கள்' என்றுதான் மாணவருக்குத் தோன்றும். ஆகவே அடுத்த அடியையும் கட்டாயம் காட்டுங்கள். பாயில் விதியைக் கோட்பாட்டிலிருந்து வருவிக்கும்போது இரண்டு அனுமானங்கள் உள்ளே போகின்றன: மூலக்கூறுக்குப் பருமன் கிடையாது, ஒன்றையொன்று அவை இழுப்பதில்லை. இரண்டுமே உண்மையில்லை. அப்படியானால் விதி எங்கே பிசகும் என்பதும் தெரிந்துவிடுகிறதல்லவா? வாயுவை நெருக்கினால் பிசகும். 1873இல் வான் டெர் வால்ஸ் இந்த இரண்டையும் திருத்தி ஒரு சமன்பாடு தந்தார்.

கணக்கு இதோ. ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு, அதாவது 44 கிராம். வெப்பநிலை 300 கெல்வின். வாயு மாறிலியை 0.08314 (லிட்டர், அழுத்த அலகான 'பார்' ஆகியவற்றில்) என்று வைத்தால், மாறிலியும் வெப்பநிலையும் பெருக்கி 24.94.

முதலில் 25 லிட்டர் கலத்தில் அடைக்கிறோம். நல்லியல்பு வாயு விதிப்படி (பாயில் விதியோடு வெப்பநிலையையும் சேர்த்த வடிவம்) அழுத்தம் 24.94 ÷ 25 = 0.998 பார். திருத்திய சமன்பாட்டில், மூலக்கூறுகள் அடைத்துக்கொள்ளும் இடத்துக்காகக் கனஅளவில் 0.0427 லிட்டரைக் கழித்து வகுக்க வேண்டும். பிறகு ஈர்ப்புக்காக 3.64ஐக் கனஅளவின் வர்க்கத்தால் வகுத்துக் கழிக்க வேண்டும். விடை 0.994 பார். வேறுபாடு அரை சதவீதம்கூட இல்லை. வகுப்பறைக் கருவியில் இது பிடிபடாது.

இப்போது அதே வாயுவை 1 லிட்டருக்குள் அடையுங்கள். விதிப்படி 24.94 பார். திருத்திய கணக்கில் 24.94 ÷ 0.9573 = 26.05, அதிலிருந்து 3.64 போக 22.4 பார். பத்து சதவீதம் இறங்கிவிட்டது.

0.1 லிட்டருக்குள் அடைத்தால்? விதி கூசாமல் 249 பார் என்கிறது. உண்மையில் அந்த வெப்பநிலையில் கலத்துக்குள் ஒரு பகுதி திரவமாகியிருக்கும், அழுத்தம் சுமார் 67 பாரில் நிற்கும். வாயு திரவமாகும் என்ற விஷயமே நல்லியல்பு வாயு விதிக்குத் தெரியாது. (வான் டெர் வால்ஸ் சமன்பாட்டில் போட்டால் 71 வரும். கிட்டத்தட்ட வருகிறதே என்று மயங்க வேண்டாம். திரவமும் வாயுவும் கலந்திருக்கும் நிலைக்கு அதை அப்படியே போடக் கூடாது. மாறுநிலை வெப்பநிலையான 304 கெல்வினுக்கு (அதற்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் வாயு திரவமாகாது) மிக அருகில் இருப்பதால் விடை தற்செயலாக நெருங்குகிறது.)

இதைவிட எனக்குப் பிடித்த சான்று பாகுநிலை, அதாவது ஓட்டத்துக்கு உள்ளிருந்தே எழும் தடை. 1860இல் மாக்ஸ்வெல் இதே கோட்பாட்டை வைத்து, வாயுவின் பாகுநிலை அதன் அழுத்தத்தைச் சார்ந்திருக்காது என்று கணக்கில் கண்டார். அடர்த்தி குறைந்தால் பாகுநிலையும் குறையத்தானே வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அவருக்கே நம்பச் சிரமமாக இருந்தது. பின்னர் அவரே சோதனை செய்து பார்த்தார், கணக்குதான் வென்றது. (மிகக் குறைந்த அழுத்தத்தில், மூலக்கூறுகள் தமக்குள் மோதுவதற்கு முன் சுவரில் மோதும் நிலை வந்ததும் இது மாறும். அதையும் அதே கோட்பாடே சொல்லிவிடுகிறது.) பாயில் விதியை எத்தனை முறை புரட்டினாலும் பாகுநிலை பற்றி ஒரு சொல் கிடைக்காது.

---

சுழியம்

விதின்னா அசைக்க முடியாததுன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. டிட்டியஸ்–போடே விதி, பதினெட்டாம் நூற்றாண்டுச் சரக்கு. 0, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போங்க. ஒவ்வொன்றையும் 0.3ஆல் பெருக்கி 0.4 கூட்டுங்க. சூரியனிலிருந்து கோள்களின் தொலைவு வானியல் அலகில் (பூமி–சூரியன் சராசரித் தொலைவு ஒரு அலகு) வந்துடும்.

1781இல் யுரேனஸ் அகப்பட்டது. விதி சொன்னது 19.6, இருந்தது 19.2. 1801இல் சீரஸ்ங்கிற குறுங்கோள். விதி 2.8, இருந்தது 2.77. எல்லாரும் அசந்துபோனாங்க. 1846இல் நெப்டியூன் வந்தது. விதி 38.8, இருந்தது 30.1. அதோட கதை முடிஞ்சது.

பின்னாடி ஒரு கோட்பாடும் இல்லாம வெறும் எண் பொருத்தமா நின்ன விதி இது. அதனாலதான் எங்கே உடையும்னு முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியலை. பெயர் மட்டும் இன்னைக்கும் விதிதான், யாரும் மாத்தலை.

---

நாற்கரம்

வாயுக் கணக்கு அப்படியே தாளில் போகிறது, நன்றி. டிட்டியஸ்–போடே பெட்டிச்செய்திக்குப் பொருத்தம்.

நியூட்டன் விஷயம் இன்னும் தெளியவில்லை. கெப்ளர் விதி, நியூட்டன் விதி, ஐன்ஸ்டைன் கோட்பாடு என்று மூன்று இருக்கின்றன. 1915க்குப் பிறகு நியூட்டன் விதி தவறு என்று எழுதுவதா, 'தோராயமாகச் சரி' என்று எழுதுவதா? தோராயம் என்று எழுதினால் எவ்வளவு என்று கேட்பார்கள்.

---

அரைநெட்டச்சு

எவ்வளவு என்று கேட்டால் நல்லது, எண்ணோடு சொல்லிவிடலாம்.

கெப்ளரின் மூன்றாம் விதி, 1619. கோள் சுற்றும் காலத்தை ஆண்டிலும், நீள்வட்டத்தின் அரை நெட்டச்சை (நீளமான விட்டத்தில் பாதி) வானியல் அலகிலும் எடுத்தால், காலத்தின் வர்க்கமும் அரை நெட்டச்சின் முப்படியும் சமம். செவ்வாய்க்குப் போடுங்கள்: 1.5237இன் முப்படி 3.5375; 1.8808இன் வர்க்கம் 3.5374. கச்சிதம். வியாழனுக்குப் போடுங்கள்: 5.203இன் முப்படி 140.85, 11.862இன் வர்க்கம் 140.71. ஆயிரத்தில் ஒரு பங்கு இடிக்கிறது.

மாணவர் இதை 'தசமத்தைச் சுருக்கியதால் வந்த பிழை' என்று தள்ளிவிடுவார். அப்படியில்லை. நியூட்டனின் இயக்க விதிகளையும் ஈர்ப்பு விதியையும் சேர்த்து வருவித்தால், முப்படியைக் காலத்தின் வர்க்கத்தால் வகுத்துக் கிடைப்பது சூரியனின் நிறைக்கு மட்டும் பொருந்தாது, சூரியனும் அந்தக் கோளும் சேர்ந்த நிறைக்குத்தான் பொருந்தும். வியாழனின் நிறை சூரியனில் 1047இல் ஒரு பங்கு. ஆக விகிதம் 1.00096 வர வேண்டும். 140.85 ÷ 140.71 போட்டால் 1.0010. செவ்வாயின் நிறையோ சூரியனில் சுமார் 31 லட்சத்தில் ஒரு பங்கு, அதனால்தான் அங்கே ஒன்றும் தெரியவில்லை.

ஒரு எச்சரிக்கை. பாடநூலில் வியாழனின் தொலைவு 5.2 என்று இருக்கும். அதைப் போட்டால் முப்படி 140.61 வந்து, வேறுபாடு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். நான்கு இலக்கம் கண்டிப்பாக வேண்டும். பயிற்சித்தாளிலேயே எண்களை அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

ஆகக் கெப்ளர் விதி 'பொய்' ஆகவில்லை. கோளின் நிறை சூரியனோடு ஒப்பிடப் புறக்கணிக்கத்தக்கது என்ற எல்லைக்குள் அது நிற்கிறது. அந்த எல்லை எது என்று சொன்னதும், எல்லைக்கு வெளியே எவ்வளவு பிசகும் என்று கணக்குக் கொடுத்ததும் நியூட்டன் இயக்கவியல்.

அடுத்த படியிலும் இதே கதைதான். புதனின் நீள்வட்டம் தானும் மெல்லத் திரும்புகிறது. விண்மீன்களை ஆதாரமாக வைத்து அளந்தால் நூற்றாண்டுக்கு ஏறத்தாழ 575 வில்விநாடி. மற்றக் கோள்களின் இழுப்பையெல்லாம் நியூட்டன் முறையில் கூட்டினால் 532 வரை வருகிறது. மிச்சம் 43. ஒரு பாகைக்கு 3600 வில்விநாடி என்பதால், இந்த மிச்சம் ஒரு பாகையாகச் சேர எட்டாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். அவ்வளவு சின்ன எண்.

1859இல் லெ வெரியே இந்த மிச்சத்தைச் சுட்டிக்காட்டியபோது யாரும் நியூட்டனைக் கைவிடவில்லை. சூரியனுக்கு அருகே கண்ணுக்குப் படாத கோள் இருக்கலாம் என்று தேடினார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. பதின்மூன்று ஆண்டுக்கு முன் யுரேனஸின் பிசகை வைத்து இதே முறையில் நெப்டியூனைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். புதன் விஷயத்தில் கோள் அகப்படவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் பொதுச் சார்பியலைக் கொண்டு, எந்த எண்ணையும் இட்டுக்கட்டிப் பொருத்தாமல், அந்த 43ஐ எடுத்துக் காட்டினார்.

'எவ்வளவு தோராயம்' என்பதற்கு விடை: ஈர்ப்பு மாறிலியையும் நிறையையும் பெருக்கி, அதை ஆரத்தாலும் ஒளிவேகத்தின் வர்க்கத்தாலும் வகுங்கள். அந்த எண்தான் திருத்தத்தின் அளவைக் கோடிகாட்டும். சூரியனின் மேற்பரப்பில் அது பத்து லட்சத்தில் 2 பங்கு. பூமியின் மேற்பரப்பில் நூறு கோடியில் 0.7 பங்கு. பாலம் கட்டவும் ராக்கெட் விடவும் இது ஒரு பொருட்டல்ல. ஆனால் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரத்துக்குப் பொருட்டு: ஈர்ப்பு குறைவதால் நாளுக்கு 45 மைக்ரோவிநாடி முந்தும், வேகத்தால் 7 பிந்தும், நிகரம் 38. ஒளிவேகத்தால் பெருக்கினால் 11 கிலோமீட்டர். இந்தப் பிசகைத் திருத்தாமல் விட்டால் நாளுக்கு நாள் அது ஏறிக்கொண்டே போகும்.

தாளில் 'தவறு' என்றும் எழுத வேண்டாம், வெறுமனே 'தோராயம்' என்றும் விட வேண்டாம். 'ஈர்ப்பு வலுக்குறைவாகவும் வேகம் ஒளிவேகத்தை விட மிகக் குறைவாகவும் இருக்கும்போது' என்று எல்லையோடு எழுதுங்கள்.

---

குறுக்குவெட்டு

மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் விதி 'என்ன' சொல்லும், கோட்பாடு 'ஏன்' சொல்லும் என்று இரண்டு பெட்டி போட்டு அடைத்துவிட்டால் வேறொரு தவறான படம் உருவாகும். எல்லை அவ்வளவு கறாராக இல்லை.

நியூட்டனின் மூன்று இயக்க விதிகள் ஏதோ ஒரு கோட்பாட்டால் பிற்பாடு விளக்கப்பட்ட அனுபவ ஒழுங்குகள் அல்ல, அவையே செவ்வியல் இயக்கவியல் என்ற கோட்பாட்டின் தூண்கள். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்கு நேர்விகிதம் என்னும் ஓம் விதி (1827) எந்தத் தளத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். அது சில பொருள்களின் நடத்தை, அவ்வளவுதான். டையோடு அதற்குக் கட்டுப்படாது. டங்ஸ்டன் இழை எரியும்போது அதன் மின்தடை குளிர்ந்திருக்கும்போது இருப்பதைப் போல் பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடும். இயக்க விதியும் ஓம் விதியும் ஒரே பெயரைத் தாங்கியிருக்கின்றன என்பதால் ஒரே தகுதி என்று ஆகாது.

ஸ்டெபான்–போல்ட்ஸ்மன் விதியைப் பாருங்கள். 1879இல் ஸ்டெபான் சோதனை எண்களிலிருந்து, கதிர்வீசும் ஆற்றல் வெப்பநிலையின் நான்காம் படிக்கு நேர்விகிதம் என்றார். 1884இல் போல்ட்ஸ்மன் வெப்ப இயக்கவியலிலிருந்து அதையே வருவித்தார். வருவித்ததும் அது கோட்பாடாக 'உயர்ந்து'விடவில்லை, வெப்ப இயக்கவியலும் விதியாக 'உயர்ந்து'விடவில்லை. இதில் இன்னொரு நுணுக்கம்: நான்காம் படி வந்துவிட்டது, ஆனால் முன்னால் நிற்கும் மாறிலியின் மதிப்பு அந்த வருவிப்பில் வரவில்லை. அதற்கு 1900இல் பிளாங்க் வர வேண்டியிருந்தது. ஒரு கோட்பாடு ஒரு விதியை எவ்வளவு தூரம் விளக்குகிறது என்பதற்கே அளவு உண்டு.

அழியா விதிகள் இன்னும் சுவாரசியம். ஆற்றல் மாறாமல் இருப்பதையும், உந்தம் மாறாமல் இருப்பதையும் தனித்தனி விதிகளாகப் படிக்கிறோம். 1918இல் எம்மி நோதர் வெளியிட்ட தேற்றம் அவற்றைச் சமச்சீர்மையிலிருந்து எடுத்துத் தருகிறது. இயற்பியல் நேற்றும் இன்றும் ஒன்றே என்றால் ஆற்றல் மாறாது; இங்கும் அங்கும் ஒன்றே என்றால் உந்தம் மாறாது.

அதே குடும்பத்தில் ஒன்று விழுந்தும் இருக்கிறது. கண்ணாடியில் தெரியும் பிம்பத்திலும் இயற்கை அப்படியே நடக்கும் என்று சொன்ன பாரிட்டி மாறா விதியை 1956 வரை பெரும்பாலோர் கேள்வி கேட்கவில்லை. வலுக்குறைந்த இடைவினைகளில் (சில கதிரியக்கச் சிதைவுகளுக்குக் காரணமானவை) அதற்குச் சோதனைச் சான்றே இல்லையே என்று லீயும் யாங்கும் சுட்டினார்கள். சியன்-ஷியங் வூ குழு கோபால்ட்-60ஐச் சுழியம் கெல்வினுக்கு மேல் நூறில் ஒரு பாகை அளவுக்குக் குளிர்வித்து, அணுக்கருக்களின் சுழற்சியைக் காந்தப்புலத்தால் ஒரே திசையில் நிறுத்தி, வெளிவரும் எலக்ட்ரான்களை எண்ணியது. இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டியவை சுழற்சிக்கு எதிர்ப்பக்கமாகவே அதிகம் வந்தன. 1957இல் முடிவு வெளியானது, அதே ஆண்டு லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு. (வூவுக்குத் தரவில்லை. அது தனிப் பஞ்சாயத்து.)

ஆகையால் பெயரை வைத்து மதிப்பெண் கழிக்கும் கேள்வி தாளில் வேண்டாம். 'பின்வருவனவற்றுள் எது விதி' என்ற ஒரு மதிப்பெண் கேள்வி வரலாற்றில் யார் என்ன பெயர் வைத்தார் என்பதைத்தான் சோதிக்கும்.

---

பிணைப்பு

உயிரியல் பக்கம் யாரும் வரவில்லை, சுருக்கமாகச் சேர்க்கிறேன்.

மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில், இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5474, சுருங்கிய விதை 1850. வகுத்தால் 2.96, அதாவது 3:1. இரண்டு பண்புகளைச் சேர்த்துப் பார்த்தால் 9:3:3:1, அதுதான் சார்பின்றி ஒதுங்குதல் விதி. பண்பைக் கடத்தும் காரணி (இன்று ஜீன் என்கிறோம்) உடலில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை, விதிக்கு அது தேவைப்படவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரோமோசோம் கோட்பாடு வந்தது. குரோமோசோம்கள் இணையாக இருந்து இனச்செல்லில் பிரிவதால் 3:1 வருகிறது. கூடவே இன்னொன்றையும் அது சொன்னது: இரண்டு ஜீன்கள் ஒரே குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் 9:3:3:1 வரவே வராது. இனிப்புப் பட்டாணியில் பேட்சனும் பன்னெட்டும் கண்ட விலகலுக்கு அதுவே காரணமாக இருந்தது. மேலே வான் டெர் வால்ஸ் செய்த வேலை போன்றதே இது, விதி எங்கே உடையும் என்று கோட்பாடு காட்டிக்கொடுக்கிறது.

"பரிணாமம் வெறும் கோட்பாடுதானே" என்ற பேச்சு வகுப்பில் கட்டாயம் எழும். அதற்கு டிக்டாலிக் என்ற புதைபடிவம் நல்ல பதில். நான்கு கால் விலங்குகளின் எலும்புகள் சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் கிடைத்திருந்தன, அவற்றுக்கு நெருங்கிய மீன்கள் 38.5 கோடி ஆண்டு வாக்கில். இடைப்பட்ட வயதுள்ள, ஆற்றுப்படுகையில் உருவான பாறை எங்கே வெளியே தெரிகிறது என்று நிலவியல் வரைபடத்தில் தேடி, கனடாவின் வடகோடியிலுள்ள எல்ஸ்மியர் தீவுக்குப் போனார்கள். 2004இல் கிடைத்த புதைபடிவத்தின் வயது 37.5 கோடி ஆண்டு. செதிலும் துடுப்பும் மீனைப் போல. கழுத்தும், துடுப்புக்குள் மணிக்கட்டு எலும்புகளும் நிலவிலங்கைப் போல. பூமியில் எங்கே தோண்டலாம் என்று வழி சொன்ன ஒன்றை 'வெறும்' என்று தள்ள முடியாது.

நேர்மையாக ஒரு பின்குறிப்பும் சேர்த்துவிடுங்கள். 2010இல் போலந்தில் ஏறத்தாழ 39 கோடி ஆண்டுப் பாறையில் கால்தடங்கள் இருப்பதாக அறிவித்தார்கள். அது ஏற்கப்பட்டால் கால் தோன்றிய காலம் பின்னுக்குப் போகும், டிக்டாலிக் நேர் மூதாதையாக இருக்காது. பொது மூதாதையிலிருந்து கிளைத்தது என்ற அடிப்படைக்கு அதனால் சேதமில்லை. கோட்பாட்டுக்குள் விவரம் திருத்தப்படுவதும் கோட்பாடே கவிழ்வதும் வேறு வேறு.

கவிழ்ந்தவையும் உண்டு. ஃபுளோஜிஸ்டன் (எரியும்போது பொருளிலிருந்து வெளியேறுவதாகக் கருதியது), வெப்பப் பாய்மம் (வெப்பமே ஒரு பாய்மம் என்றது), மாறாநிலை அண்டம் எல்லாமே கோட்பாடு என்றுதான் அழைக்கப்பட்டன. அடிப்படைத் துகள்களை அதிரும் நுண் இழைகளாகக் காணும் சரக் கோட்பாட்டுக்கு இன்றுவரை நேரடிச் சோதனைச் சான்று இல்லை, பெயரில் கோட்பாடு இருக்கிறது. பட்டம் சூட்டும் அதிகாரி யாரும் கிடையாது.

---

நாற்கரம்

ஒன்று மட்டும் மிச்சம். பெயரை வைத்துப் பிரிக்கக் கூடாது என்கிறீர்கள். சரி, கூற்றின் உள்ளடக்கத்தை வைத்தாவது பிரிக்கப் பழக்க முடியுமா? நான் எழுதியுள்ள மூன்று கூற்றுகள்:

"வாயுவின் அழுத்தம் மூலக்கூறுகள் சுவரில் மோதுவதால் உண்டாகிறது."
"லேசான வாயு, கனமான வாயுவை விட வேகமாக நுண்துளை வழியே வெளியேறும்."
"வேதிவினையில் நிறை மாறாது. இது விதி, எனவே விதிவிலக்கில்லை."

---

பரிதிவட்டம்

முடியும். கண்ணுக்குத் தெரியாத உறுப்பையோ இயங்குமுறையையோ கூற்றிலிருந்து எடுத்துவிட்டு, மிச்சம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முதல் கூற்றிலிருந்து மூலக்கூறை எடுத்தால் ஒன்றுமே மிஞ்சாது. அது கோட்பாட்டின் பகுதி. இரண்டாவதில் மூலக்கூறு என்ற பேச்சே இல்லை, வாயுவின் அடர்த்தியையும் நேரத்தையும் அளந்தால் போதும். அது விதி வகை. ஆனால் 'லேசான', 'வேகமாக' என்று விட்டால் விதி ஆகாது, அளவு வேண்டும். கிரகாம் விதிப்படி வேகம் மூலக்கூறு நிறையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்று எழுதுவோம். அடர்த்தியின் வர்க்கமூலம் என்றாலும் அதே விடைதான். ஹைட்ரஜன் 2, ஆக்சிஜன் 32. விகிதம் 16, வர்க்கமூலம் 4. ஹைட்ரஜன் நான்கு மடங்கு வேகம். துளை பெரிதாக இருந்தால் இந்த எண் வராது. மூலக்கூறு மோதாமல் ஓடும் தூரத்தை விடத் துளை சிறியதாக இருக்க வேண்டும், இல்லையேல் வாயு மொத்தமாகப் பாய ஆரம்பித்துவிடும். அந்த நிபந்தனையையும் கூற்றிலேயே சேர்த்துவிடுங்கள்.

பாயில் விதியும் கிரகாம் விதியும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். இரண்டும் ஒரே கோட்பாட்டிலிருந்து வருகின்றன என்பதை அடுத்த கேள்வியாக வைக்கலாம். குறுக்குவெட்டு சொன்னது போல நியூட்டனின் இயக்க விதிகள் இந்தச் சோதனையில் வழுக்கும், அவற்றைத் தாளில் சேர்க்காமல் விடுங்கள்.

மூன்றாவதில் 'எனவே' என்ற சொல்தான் பிரச்சினை. 12 கிராம் கார்பனை 32 கிராம் ஆக்சிஜனில் முழுக்க எரித்தால் 393.5 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். அதை ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 4.4 நானோகிராம். குளிர்ந்தபின் கிடைக்கும் கார்பன் டை ஆக்சைடு 44 கிராமை விட அந்த அளவு குறைவாக இருக்கும். நல்ல பகுப்பாய்வுத் தராசு காட்டும் கடைசி இலக்கம் 0.1 மில்லிகிராம், அதாவது ஒரு லட்சம் நானோகிராம். இருபதாயிரம் மடங்குக்கு மேல் நுணுக்கமான தராசு இருந்தால்தான் இது தெரியும். 'வேதிவினையில், தராசால் அளக்கக்கூடிய துல்லியத்துக்குள், நிறை மாறாது' என்று திருத்தி, கணக்கை அடிக்குறிப்பில் போடுங்கள். மாணவர் தானே போட்டுப் பார்க்கும்போது கிலோஜூலை ஜூலாக மாற்ற மறந்தால் விடை ஆயிரம் மடங்கு குறைந்து வரும், அதைக் கவனிக்கச் சொல்லுங்கள்.